அபூ அய்யூப் நாயகத்துக்கு உம்மாவின் ஸலாம்

வாப்பாவுக்கு நெஞ்சு ஆப்பரேஷன் நடந்தபோது உம்மா நிய்யத் (நேர்ச்சை போல ஒரு எண்ணம்) வைத்திருந்தார். வாப்பா நல்லபடியாக எழுந்து நடந்தால், இருவருமாக மக்கா போய் உம்ராவை முடித்து, அப்படியே துருக்கியின் இஸ்தான்புல் போய், அங்கே அடங்கியிருக்கும் நபித்தோழர் அபூ அய்யூப் அன்சாரி (ரலி) நாயகத்தின் வாசலில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவது என்று. அல்ஹம்துலில்லாஹ், வாப்பா எழுந்து நடந்தார். துணைக்கு நானும் போனேன்.

துருக்கி எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் உம்மா சொன்னது ஒரே பதில்தான்: தண்ணீர்க் குடம். மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் கஸ்வா மண்டியிட்ட இடத்துக்குப் பக்கத்து வீடு அபூ அய்யூப் நாயகத்துடையது. ஏழு மாதம் போல நபியவர்கள் அங்கே தங்கினார்கள். வருகிறவர்களுக்கு வசதி என்று நபியவர்கள் கீழே இருக்க, புருஷனும் பெண்சாதியும் மேலே. நபியின் தலைக்கு மேலே நடப்பதா என்று அவர்களுக்குக் கூச்சம். ஒருநாள் மாடியில் குடம் உடைந்துவிட்டது. கீழே ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாதென்று, இருந்த ஒரே போர்வையைப் போட்டு ஒற்றி எடுத்தார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் உம்மாவுக்குக் குரல் அடைத்துவிடும்.

மதீனாவில் அந்த வீடு இப்போது இல்லை, நபியின் பள்ளிவாசல் விரிவாக்கத்தில் போய்விட்டது. வீட்டுக்காரரான அபூ அய்யூப் நாயகமோ கலீஃபா முஆவியா (ரலி) காலத்துப் படையோடு முதுமையில் கான்ஸ்டான்டிநோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல் வரை வந்து, முற்றுகையின்போது நோயில் வஃபாத்தானார் (இறந்தார்). முடிந்த மட்டும் எதிரி மண்ணுக்குள் கொண்டுபோய் அடக்குங்கள் என்பது அவர் வஸிய்யத் (கடைசி விருப்பம்).

முதலில் டாக்சி பிடித்தோம். ஊரைச் சுற்றிக் காட்டி இருமடங்கு கேட்டார் அந்த மனுஷர். வாப்பாவுக்குக் கோபம், உம்மாவுக்கோ வாப்பாவின் பிரஷர் ஏறிவிடுமோ என்ற கவலை. பாதியில் இறங்கி, கராக்கோயில் படகு ஏறினோம். அதுவே நல்லதாயிற்று. பொற்கொம்புக் கழியில் மெதுவாகப் போகும் படகு. ஃபெனர், பாலாத் கரைகளில் வண்ண வீடுகள், இரும்பிலேயே கட்டிய பல்கேரிய தேவாலயம். அய்வான்சராயில் பழைய நகர மதில் தண்ணீரைத் தொடுகிறது. அதைத் தாண்டித்தான் நாயகத்தின் பெயர் கொண்ட எய்யூப் பகுதி. அதாவது நாயகம் அடங்கியிருப்பது மதிலுக்கு வெளியே. 1453-இல் சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ் நகரைப் பிடித்த பிறகு, அவருடைய ஷெய்கு (ஞானகுரு) அக்‌ஷம்சுத்தீன்தான் நாயகத்தின் கப்ரு (அடக்கத்தலம்) இருக்கும் இடத்தைக் காட்டினார் என்பார்கள். 1458-இல் அங்கே பள்ளிவாசல் எழும்பியது. பாழான அதை இடித்து, சுல்தான் மூன்றாம் சலீம் கட்டி 1800-இல் திறந்ததுதான் இப்போது இருப்பது.

கூட்டம் என்றால் கூட்டம்! சுன்னத் செய்யப்போகும் பையன்கள் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக குட்டி சுல்தான்கள் மாதிரி வருகிறார்கள், பின்னால் பாட்டி, மாமி, போட்டோக்காரர் என்று ஒரு படை. புது மாப்பிள்ளை பெண்கள் வேறு. தஸ்பீஹ் விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் வரிசையில்லாமல் உள்ளே விடுகிறேன், காசு கொடு என்றார். ஸஹாபியின் (நபித்தோழரின்) வாசலிலுமா இந்த வியாபாரம்? உம்மா அவரை முறைத்த முறைப்பில் ஆள் நகர்ந்துவிட்டார்.

உள்ளே நீலப் பூக்களோடு இஸ்னிக் ஓடுகள், வெள்ளிக் கிராதி. ஊரில் ஸலாம் சொல்லி அனுப்பியவர்களின் பெயரையெல்லாம் உம்மா ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பின்னாலிருந்து தள்ளல், காவலர் நகரச் சொல்லிக் கைகாட்டுகிறார். உம்மா தாளைப் பிரிக்கவே இல்லை. கிராதியைப் பார்த்தபடி, “அஸ்ஸலாமு அலைக்கும் நாயகமே, அந்தக் குடத்துக் கதையைக் கேட்டுத்தான் வந்தேன்” என்றார். தமிழில், சத்தமாக. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம். முற்றத்துப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது, ஜனங்கள் அங்கே நின்று கையேந்துகிறார்கள். பெயர்த் தாளை அங்கேதான் வாசித்தோம். யாசீன் ஓதியதும் அங்கேதான். வாப்பா பாதியில் விம்மிவிட்டார், மீதியை நான் ஓதினேன். ஆப்பரேஷன் அறைக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்ததும், அவர் முதலில் கண் திறந்ததும் எல்லாம் சேர்ந்து வந்தது. யா அல்லாஹ், எத்தனை ஷுக்ரு (நன்றி) சொன்னாலும் போதாது.

அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பெண்களை மாடிக்கு அனுப்பினார்கள். முட்டிவலியோடு படியேறிய உம்மா, “மாடியில இருக்கவே கூசினவரு, அவரு பள்ளியில என்னைய மாடியில ஏத்திட்டாங்க பாரு மகளே” என்று சிரித்தார். கேபிள் காரில் பியர் லோட்டி குன்றுக்குப் போகலாம் என்று கேட்டேன், வரிசையைப் பார்த்துவிட்டு இருவருமே வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்தில் மூன்றாம் சலீமின் தாயார் மிஹ்ரிஷா வாலிதே சுல்தான் 1790-களில் கட்டிய அன்னசாலை இன்னும் ஏழைகளுக்குச் சமைத்துப் போடுகிறதாம். அதைக் கேட்டதும் உம்மா, ஊருக்குப் போனதும் பத்துப் பேருக்காவது சோறு போட வேண்டும் என்று அடுத்த நிய்யத்தை அங்கேயே வைத்துவிட்டார்.

ஸலாம் சொல்லி அனுப்பிய அத்தனை பேருக்கும் சேர்த்து ரப்பு (இறைவன்) கபூல் செய்வானாக (ஏற்றுக்கொள்வானாக), ஆமீன்.