புகை அடிக்க வரும்போது கதவைத் திறங்கள்

பினாங்கு அடுக்குமாடிகளில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைக் கொல்லப் புகை அடிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது: "எங்க வீடு சுத்தமாத்தான் இருக்கு, வேணாம் தம்பி." வீடு சுத்தமாகவே இருக்கலாம். ஏடிஸ் தேடுவதும் தெளிந்த நீரைத்தான்: குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் கூடையின் அடித்தட்டு, துளசிச் சட்டிக்குக் கீழே உள்ள தட்டு, பூ மிதக்கவிட்ட உருளி. 20 காசு நாணயத்தின் அகலத்துக்குத் தேங்கிய நீரே அதற்குப் போதும்.

மலேசியாவில் டிங்கி ரத்தக்கசிவுக் காய்ச்சல் முதலில் பதிவானது 1962இல், இதே பினாங்கில். 2019இல் நாடு முழுவதும் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள்.

ஏடிஸ் வீட்டுக்குள்தான் ஓய்வெடுக்கும். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், தொங்கும் கறுப்புத் துணியில். நடைபாதையில் மட்டும் அடித்த புகை அங்கே எட்டாது. பூட்டிய ஒரு வீட்டில் தப்பிய கொசு மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போகும். நோய்க்கிருமியைச் சுமக்கும் கொசு சாகும்வரை அதைச் சுமக்கும். அதனால் மருந்து நெடி பிடிக்கவில்லை, தரை பிசுபிசுக்கும் என்று கதவைச் சாத்துவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தரையைத் துடைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாப்பாட்டையும் குடிநீரையும் மூடுங்கள். மீன் தொட்டியை மூடி, காற்றுக் குழாயை நிறுத்துங்கள். பூனை, பறவையை வெளியே கொண்டுபோங்கள். அறைக் கதவுகளையும் அலமாரியையும் திறந்து வையுங்கள். புகை அடித்து முடிந்த பிறகு அரை மணி நேரமாவது வீட்டுக்குள் போகாதீர்கள். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தண்ணீரில் இருக்கும் கொசுப் புழுவைத் தொடாது; அது பிறகு கொசுவாகிப் பறக்கும். ஏழு நாள் கழித்து மறுபடி அடிப்பது அதற்காகத்தான். முதல் தடவை திறந்தவர்கள் இரண்டாம் தடவையும் திறக்க வேண்டும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரியும். கொட்டியபின் பிரஷ் போட்டு உள்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்தால் ஒன்றும் பறக்காது. கொட்ட முடியாத தொட்டியில், கொசுப் புழுவைக் கொல்லும் 1% அபேட் மருந்து மணலைப் போடுங்கள்: 10 லிட்டருக்கு 1 கிராம், 100 லிட்டர் தொட்டிக்கு 10 கிராம். தொட்டியைக் கழுவி நிரப்பினால் மறுபடி போட வேண்டும்.

உங்களால் எட்டிக் கழுவ முடியாத இடங்களும் உண்டு. மேல்மாடியிலிருந்து வீசிய பாலிஸ்டைரின் டப்பா கீழ்வீட்டுக் கூரைத் தகரத்தில் கிடந்து மழைநீர் பிடிக்கும். அது வீசியவருக்குத் தெரியாது, கீழே குடியிருக்கும் பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வரும். மின்தூக்கிக் குழியில் நீர் நின்றால் அது நிர்வாகத்தின் பொறுப்பு. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

காய்ச்சல் வந்தவருக்கும் அக்கம்பக்கத்துக்குச் செய்ய வேண்டிய கடமை உண்டு. காய்ச்சல் நாட்களில் அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்த வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோகிறது. ஏடிஸ் பகலில் கடிக்கும், ஆகவே பகல் தூக்கத்துக்கும் கொசுவலை வேண்டும். கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் கிளினிக்குக்குப் போய் ரத்தம் பாருங்கள். மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிப்பார், அதன் பிறகுதான் 200 மீட்டர் சுற்றளவில் கொசு ஒழிப்பு வேலை தொடங்கும். அண்டை வீட்டார் பேசுவார்களே என்று மறைத்தால் அந்த நாட்கள் வீணாகும். பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் வாளிகளைக் கவிழ்த்து, கழிப்பறை மூடியைச் சாத்தி, குளியலறைத் துளைகளை அடைத்துவிட்டுப் போகவும். சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து, புகை அடிக்கும் தேதியையும் சொல்லிவிடுங்கள்.