சட்டைக்குள் ஒரு சின்னப் பை

நான் தையல்காரன். அருப்புக்கோட்டைப் பக்கம் கடை. முப்பது வருஷமாக மிஷின் சத்தத்திலேயே கிடந்தவனுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி தன் நெஞ்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இடது காதைத் தலையணையில் வைத்தால் திம் திம் என்று கேட்கும். வலது பக்கம் புரண்டால் கழுத்தில் துடிக்கும். நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போகும். பாபினில் நூல் சரியாகச் சுற்றாவிட்டால் தையல் விட்டு விட்டு விழுமே, அது மாதிரி. அடுத்த துடிப்பு விழும்வரை நான் மூச்சே விடமாட்டேன்.

அட்டாக் வந்த கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பயப்படக்கூட நேரமில்லை. ஆவணி முகூர்த்தம், ரவிக்கைத் துணி குவிந்து கிடந்தது. மதியம் நெஞ்சின் மேல் யாரோ இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்த மாதிரி ஒரு கனம். வேர்த்து ஊற்றியது, இடது தாடை இழுத்தது. வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்து முக்கால் மணி நேரத்தை வீணடித்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்த கையோடு நர்ஸம்மா 14 மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி விழுங்கச் சொன்னார்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. அது 2023ல் அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டம் என்று பின்னால்தான் தெரிந்தது. அங்கிருந்து 108ல் மதுரை. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட், அதாவது சின்னக் கம்பிவலைக் குழாய், வைத்தார்கள். நாலாம் நாள் வீடு. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 45 சதவீதம்.

அந்த 45 என்னைப் படுத்திய பாடு! நூற்றுக்கு 45 மார்க், ஏதோ தட்டுத்தடுமாறிப் பாஸ் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல இதயமே ஒரு துடிப்புக்கு, உள்ளே இருக்கிற ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளுமாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு எனக்கு வயது 51. எங்கப்பா மார்வலியில் போனதும் 51ல்.

மச்சான், விரலில் மாட்டினால் நாடி காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி வந்தார். நல்ல மனசோடுதான். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது மாட்டிப் பார்த்திருப்பேன். நாடி 56 என்று காட்டினால் இதயம் நிற்கப்போகிறது என்று பயம். அந்தப் பயத்தில் 110க்கு ஏறும். ஏறியதைப் பார்த்து இன்னும் பயம். தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம் என்று லைட்டை அணைக்க விடவில்லை.

ஒரு ராத்திரி லேசாகக் கண் அசந்து, சட்டென்று முழித்தால் மூக்குக்குக் கீழே ஒரு விரல். என் வீட்டுக்காரி. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னடி இது?" என்றேன். "தூங்கினா நீங்க ரொம்ப அமைதியாயிடுறீங்க, அதான்" என்றாள். நான் அவளுக்காகவும் அவள் எனக்காகவும் பல ராத்திரி தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாம் வாரம் மூச்சு முட்டியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு இழுப்பு ஆழமாக இழுக்க வேண்டும்போல இருக்கும், இழுத்தாலும் நிறையாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம். ஈசிஜி சரி. இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, சில மணி நேரம் கழித்து மறுபடியும். இரண்டும் சரி. "எல்லாம் மனப்பிராந்தி, போய்ப் படுங்க" என்றார் டியூட்டி டாக்டர். திரும்பி வரும்போது உயிர் பிழைத்த சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. அதனால் அடுத்த தடவை மூச்சு முட்டியபோது யாரிடமும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது.

ஓ.பி.யில் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் பெரிய மகள் வயதுதான் இருக்கும். மாத்திரைச் சீட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்டென்ட் அடைக்காமல் இருக்கக் கொடுத்திருந்த டிகாக்ரிலார் சிலருக்கு இந்த மாதிரி மூச்சு முட்டலைக் கொடுக்குமாம். "நல்லவேளை நீங்களா நிறுத்தல ஐயா. நிறுத்தியிருந்தா ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம்" என்று சொல்லி, அவரே வேறு மாத்திரைக்கு மாற்றினார். நாடி 56 காட்டுவது, துடிப்பை மெதுவாக்கும் மெட்டோப்ரொலால் மாத்திரை செய்கிற வேலை, அதற்குத்தான் கொடுத்ததே என்றார். நடுவில் துடிப்பு விடுவது நிறையப் பேருக்கு இருப்பதுதான், அவர்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை என்றார். எனக்கோ ராத்திரி முழுக்க அதைக் கேட்பதுதான் வேலை.

எனக்கு வருவதில் பாதி பயத்தாக்குதல் என்றும் அவர்தான் சொன்னார். அது பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்குமாம். "அப்போ எது அட்டாக், எது பயம்னு எப்படிம்மா தெரியும்?" என்றேன். "அந்தத் தீர்ப்பு உங்க வேலை இல்ல ஐயா. நெஞ்சு கனத்தா உட்காருங்க, ரத்தக்குழாயை விரிக்கிற சார்பிட்ரேட் மாத்திரை ஒண்ணு நாக்குக்குக் கீழே வைங்க. அஞ்சு நிமிஷத்துல விடலன்னா 108. பயம்தானேன்னு வீட்ல இருக்காதீங்க. பத்து தடவை வீணா வந்தாலும் நாங்க திட்ட மாட்டோம்." அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தேற்றியது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஆக்சிமீட்டரை மச்சானிடமே திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது வேலை, இருக்கிற சட்டை எல்லாவற்றிலும் உட்பக்கம், இடது பக்கத்தில், இரண்டங்குல அகலத்துக்குச் சின்னப் பை தைத்தேன். சார்பிட்ரேட் அட்டை அதில் நிற்கும். தேடுகிற பதற்றம் போனாலே பாதி பயம் போய்விடும் என்று தைக்கும்போது தோன்றியது. முழுசாகப் போகவில்லை.

நடப்பது ஐந்து நிமிஷத்தில் தொடங்கியது. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. நமக்கு எப்போதும் பாட வராது என்பது வேறு விஷயம். ஆறு வாரத்தில் அரை மணி நேரம் நடந்தேன். ஆனாலும் ராத்திரி மாறவில்லை. மூன்றாம் மாதம் டாக்டரம்மா மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். "அங்க போனா ஊர்ல என்ன பேசுவாங்க" என்று வீட்டுக்காரி தயங்கினாள். நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்ததை ஊரெல்லாம் சொன்னோமே, இதில் என்ன என்று கிளம்பினேன். தைரியமாகச் சொன்னேனே தவிர, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனேன். பயத்தைக் குறைக்கும் செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வருகிறதா என்று கவனிக்கச் சொல்லி இதய டாக்டருக்கும் ஒரு குறிப்பு எழுதினார்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொன்னார்கள். எனக்கு அது பெடலோடு சேர்த்தால்தான் வந்தது: மூன்று மிதிக்கு இழு, ஆறு மிதிக்கு விடு. மாத்திரை பிடிக்க நாலைந்து வாரம் ஆனது. வெளியே சொல்ல முடியாதவர்களுக்கு 14416 என்று டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி போன் லைன் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் லைட் அணைந்திருந்தது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் ஒருவர் பேன்ட் இடுப்பைப் பிடித்துத் தைக்க வந்தார். ஆணியில் தொங்கிய என் சட்டையின் உட்பக்கத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, அது என்ன உள்ள ஒரு பை?" என்றார். சொன்னேன். அவர் பேசாமல் வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். குழாய் விட்ட இடத்தில் கன்றிய நீலம் இன்னும் மஞ்சளாகக்கூட மாறவில்லை.

"எனக்கும் ஒண்ணு வச்சுக் குடுங்க."

"எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு."

"ராத்திரி தூக்கம்?"

மிஷினையே கொஞ்ச நேரம் பார்த்தார். "லைட்டை அணைக்கிறதில்ல" என்றார்.

ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.