மட்டிக் கணக்கெடுப்பில் குட்டிகளைத் தேடுங்கள்

அமெரிக்காவில் டெலவேர் ஆற்றோடு சேரும் ஓடைகளில், கோடையானால் தன்னார்வலர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நன்னீர் மட்டிகளைக் கணக்கெடுக்கிறார்கள். பார்ட்னர்ஷிப் ஃபார் த டெலவேர் எஸ்சுவரி என்ற தொண்டு நிறுவனம் 2007-ல் அங்கே மட்டி மீட்புப் பணியைத் தொடங்கியது. அதிகம் கண்ணில் படுவது ஈஸ்டர்ன் எலிப்டியோ என்ற மட்டி இனம். வளர்ந்த ஒன்று கோடையில் நாளுக்கு 40 லிட்டர் தண்ணீர் வரை வடிகட்டும்.

மழை பெய்தால் தண்ணீர் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். கலங்கலில் தேடினால் இருப்பதும் இல்லை என்றே பதிவாகும். கீழிருந்து நீரோட்டத்தை எதிர்த்து நடப்பதுதான் முறை, அப்போதுதான் கால் கிளப்பும் சேறு பின்னால் போகும். அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீரில் அழுத்திப் பார்க்கலாம். முழு மட்டியைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மணலில் விரல் நகம் அளவுக்கு ஒரு பிளவு, ஓரத்தில் மெல்லிய குஞ்சம்: அதுதான் தண்ணீர் உறிஞ்சும் வாய். உங்கள் நிழல் பட்டதும் மூடிக்கொள்ளும். பிறகு அது வெறும் கல்லாகத்தான் தெரியும்.

எத்தனை கிடைத்தது என்பது பாதிக் கணக்குதான். காலிப்பர் என்ற அளவுகோல் வைத்து ஒவ்வொன்றின் நீளத்தையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். இந்த மட்டியின் இளம்புழு மீனின் செவுளில் சில வாரம் ஒட்டி வாழ்ந்தால்தான் குட்டியாகும். எலிப்டியோவுக்கு முக்கியமான மீன் அமெரிக்க விலாங்கு. கடலிலிருந்து ஏறிவரும் விலாங்கை அணை தடுத்துவிட்டால், அணைக்கு மேலே பெரிய மட்டிகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும், அடுத்த தலைமுறை மட்டும் வராது. எண்ணிக்கை நிறைவாகத் தெரியும் அந்த ஓடையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

குட்டிகள் மணலுக்குள் புதைந்திருக்கும், மேலோட்டத் தேடலில் தப்பிவிடும். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம் வைத்து, உள்ளிருக்கும் மணலை 10 செ.மீ. ஆழத்துக்கு அள்ளிச் சலித்தால் அகப்படும். புதியவர்கள் தவறுவதும் இங்கேதான். ஆசியாவிலிருந்து வந்து பரவிய கார்பிகுலா என்ற சிறு சிப்பியைக் குட்டி மட்டி என்று எழுதிவிடுவார்கள். ஓட்டின் மேல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: கார்பிகுலாவில் வரிவரியான தடித்த மேடுகள் நகத்தில் தட்டும், வடிவமும் ஏறக்குறைய முக்கோணம். குட்டி எலிப்டியோ நீள்வட்டமாக இருக்கும்.

உயிருள்ள மட்டியை அனுமதி பெற்ற குழுவோடு சேர்ந்து மட்டுமே எடுக்க வேண்டும். இந்த ஆற்றின் மேற்பகுதியில் அழிவின் விளிம்பிலுள்ள குள்ள ஆப்பு மட்டியும் இருக்கிறது. எடுத்ததை வலைப்பையில் போட்டு நீருக்குள்ளேயே வையுங்கள். திருப்பி வைக்கும்போது எறிந்துவிடக் கூடாது. ஓட்டின் மேல்விளிம்பிலுள்ள முண்டு எந்த முனைக்கு நெருக்கமோ அந்த முனை மணலுக்குள் போக வேண்டும், கால் நீள்வது அந்தப் பக்கம்தான். தலைகீழாக நட்டால் வாய் புதைந்து மூச்சு முட்டும்.

அடுத்த ஓடைக்குப் போகுமுன் பூட்ஸைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். ஈரத்தில் அந்நிய இனங்களின் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒன்றுமே கிடைக்காத இடத்தையும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து அதே இடத்துக்கு வருபவருக்கு அந்த வரிதான் வேண்டியிருக்கும்: 2 பேர், 30 நிமிடம், 0 மட்டி.