பூண்டு உரிக்க நகம் இல்லை

தை மாதம் ஒரு நாள் விடியற்காலையில் சால்வையை எடுத்துப் போர்த்தும்போது வலது கை ஆள்காட்டி விரல் நகம் அதில் மாட்டிக்கொண்டது. தூக்கக் கலக்கத்தில் வெடுக்கென்று இழுத்தேன். சால்வையில் இருந்து ஒரு நூலும் நகத்தில் இருந்து ஒரு ஏடும் சேர்ந்து வந்தன. வலி ஒன்றும் இல்லை. லைட்டைப் போட்டுப் பார்த்தால் நகத்தின் நுனியில் மேல் பாதி போய்விட்டது, கீழ்ப் பாதி மட்டும் டிரேசிங் பேப்பர் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மற்ற விரல்களையும் பார்த்தேன். பத்தில் ஏழு அப்படித்தான், நுனி இரண்டாகப் பிளந்து, பூண்டுப் பல்லில் வெளித்தோல் கழன்று உள்தோல் மினுக்குமே, அந்த மாதிரி.

கீழே ஊரில் இருப்பவர்களுக்கு நகம் உரிந்தால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். இங்கே கொடைக்கானலில் ஸ்வெட்டர், குல்லா, கம்பளி, காலுறை என்று ஆறு மாதம் நூலுக்குள்தான் குடியிருக்கிறோம், எதைத் தொட்டாலும் நகம் மாட்டும். என் பெண்ணுக்குத் தலை பின்னும்போது அவள் முடியில் மாட்டி அவள் கத்துவாள். போர்வை மடிக்கும்போது பல் கூசும்.

நாயுடுபுரம் பக்கம் மூன்று அறைகளை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சமையல், பாத்திரம், பாத்ரூம் எல்லாம் நானும் என் அத்தையும்தான் (மாமியாரைத்தான் சொல்கிறேன்). கிறிஸ்துமஸ் தொடங்கி பொங்கல் விடுமுறை வரை அறை காலியாகவே இருக்காது. அந்த நேரத்தில் நகத்தை யார் கவனித்தார்கள்.

நகம் உரிகிறது என்று வெளியே சொன்னதுதான் தாமதம், ஆளுக்கு ஒரு வைத்தியம். எதிர் வீட்டு அக்கா கால்சியம் குறைச்சல் என்றார். பால்காரர்கூட அதையே சொன்னார், அவருக்கு வியாபாரம். அத்தைக்குப் பூம்பாறை, அவர் பிறந்த வீட்டில் பூண்டுதான் விவசாயம், அதனால் உலகத்தில் எல்லாவற்றுக்கும் பூண்டு. "ஒரு பல்லை நறுக்கி நகத்துல தேச்சு விடு தாயி, கல்லு மாதிரி ஆயிடும்." கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ல் புவிசார் குறியீடு வாங்கியதே, சும்மாவா என்று ஒரு உபரி வாதம் வேறு. நாலு நாள் தேய்த்தேன். நகம் கல்லாகவில்லை, நகக்கண் ஓரம் சிவந்து எரிந்தது. மலைப்பூண்டு காரம், பச்சையாகத் தோலில் தேய்த்தால் புண்ணாக்கிவிடும் என்று அந்த வீட்டு மருமகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, சென்னையில் இருக்கும் நாத்தனார் மகள் பயோட்டின் மிட்டாய் வாங்கி அனுப்பினாள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும், அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். அந்த மிட்டாய் ஒன்றில் 10,000 இருந்தது. இனிப்பாக இருக்கிறதே என்று நான் தினமும் இரண்டு. இந்த லட்சணத்தில் எதேச்சையாக ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், தைராய்டு அளவுகள் தாறுமாறாக வந்தன. டிஎஸ்எச் அடிமட்டம், டி4 உச்சம். ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மதுரைக்குப் போய் தோல் டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். இறங்க நாலு மணி நேரம், ஏற நாலு மணி நேரம், கொண்டை ஊசி வளைவில் வாந்தி தனி. அவர் என் கையைத் தொடவே இல்லை. "காலைக் காட்டுங்க" என்றார். மலையில் இருந்து இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு போனவள் அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கால் நகம் பத்தும் ஒரு கீறல் இல்லாமல் பளிச்சென்று இருந்தன.

"கால் நகம் நல்லா இருக்கு, கை நகம் மட்டும் உரியுதுன்னா உடம்புக்குள்ள இருக்கிற காரணம் குறைவு. வெளியில கைக்கு மட்டும் ஏதோ நடக்குது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணியில கை வைப்பீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்கக் கணக்கு எடுத்தேன், அடுப்படியில் தொங்கும் நாள்காட்டித் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. ராத்திரி எண்ணினால் 43. அறையில் ஆளே இல்லாத நாள் அது!

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நகம் என்பது செத்த செல்கள் தட்டையாகி, ஒன்றன் மேல் ஒன்றாக ஏடு ஏடாக ஒட்டி உண்டானது. கெட்டித்தன்மை கெரட்டின் என்கிற புரதத்தால் வருகிறது. கால்சியம் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது, ஆகவே பால் குடித்தால் எலும்புக்கு நல்லது, நகம் அதைக் கண்டுகொள்ளாது. (நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தாலும் கால்சியம் என்பார்கள். அது பெரும்பாலும் நகத்தின் வேரில் எங்கேயோ இடித்துக்கொண்டதன் அடையாளம்.) நகம் தண்ணீரை நன்றாகக் குடிக்கும். குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் பரவாயில்லை, நாளைக்கு நாற்பது தடவை உப்பிச் சுருங்கினால் ஏடுகளுக்கு நடுவில் இருக்கும் பசை விட்டுப்போகும். சோப்பு இருக்கிற எண்ணெய்ப் பசையையும் வழித்து எடுத்துவிடும். நுனிதான் வயதான பகுதி, நாலைந்து மாதத்துக்கு முன்னால் வேரில் இருந்து கிளம்பியது, அதனால் முதலில் பிளப்பது அதுதான்.

இதைக் கேட்டதும் எனக்கு உறைத்தது அடுப்பு. நாங்கள் மார்கழியில் பாத்திரம் கழுவினால் என்ன செய்வோம், பனிக்கட்டி மாதிரி குழாய்த் தண்ணீரில் இரண்டு தட்டைக் கழுவிவிட்டு விரல் மரத்துப் போனதும் ஓடிவந்து விறகடுப்பில் கை காய்வோம், உடனே திரும்பவும் இரண்டு தட்டு, திரும்பவும் அடுப்பு. நனைப்பது, சுடச்சுட உலர்த்துவது, நனைப்பது, உலர்த்துவது. வடகம் காயப்போடுகிறவர்கள்கூட இவ்வளவு வேகமாக உலர்த்த மாட்டார்கள். இத்தனை வருஷமும் குளிரால்தான் நகம் உரிகிறது என்று நினைத்துக் குளிரைத் திட்டிக்கொண்டு இருந்தேன்.

தைராய்டு விஷயம்: "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டார், மிட்டாயை மாத்திரையாகவே நான் நினைக்கவில்லை, கூட வந்த வீட்டுக்காரர்தான் போட்டுக்கொடுத்தார். பயோட்டின் அதிகமாக உடம்பில் இருந்தால் சில ரத்தப் பரிசோதனைகள் பொய் சொல்லும், தைராய்டும் அதில் ஒன்று, மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின்கூட அப்படித்தான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மிட்டாயை நிறுத்தி ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தோம், தைராய்டுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் 11.2. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்த சோகைக் கணக்கு. நகம் உரிவது அதனால் இல்லை என்றாலும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்றார், டீ இரும்பை உடம்பில் சேரவிடாதாம். மலையில் இருப்பவளிடம் டீயை ஒதுக்கச் சொன்னால் எப்படி? மாத்திரைக்கு முன்னேயும் பின்னேயும் ஒரு மணி நேரம் டீ கிடையாது என்று நானே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பத்து நகத்தையும் ஒட்ட வெட்டினேன், குளித்து முடித்த உடனே, நகம் மெத்தென்று இருக்கும்போது. காய்ந்த நகத்தை வெட்டினால் டப்பென்று பிளக்கிறது. உரிந்த ஏட்டைப் பிய்க்காமல் இருப்பதுதான் உண்மையில் கஷ்டம், டிவி பார்க்கும்போது கை தானாகப் போகும். பிய்த்தால் அது நேராக வராது, நகத்தின் நடு வரைக்கும் கிழித்துக்கொண்டு போகும். அதற்கு நகம் தேய்க்கிற ஒரு சன்ன ராவு அட்டை வாங்கி வைத்துக்கொண்டேன், ஓரம் எழும்பினால் ஒரே திசையில் இரண்டு இழுப்பு, ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இல்லை. நெயில் பாலீஷை விடவில்லை, அதை எடுக்கும் அசிட்டோன் ரிமூவரைத்தான் விட்டேன். நகத்தைக் கெட்டியாக்கும் என்று விற்கும் ஒரு திரவத்தையும் முன்னால் பூசிப் பார்த்திருக்கிறேன், முதல் இரண்டு வாரம் தட்டினால் டக்டக் என்று சத்தம் வரும் அளவுக்குக் கெட்டி, மூன்றாவது வாரம் வளையாமல் ஒடிந்தது. வளைகிற நகம்தான் நல்ல நகம் என்று டாக்டர் சொன்னபோதுதான் காரணம் புரிந்தது.

எண்ணெய் பெரிய கதை. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் யாரும் தை மாதம் கொடைக்கானலில் பாட்டிலைத் திறந்து பார்த்தது இல்லை. அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும், எங்கள் சமையலறையில் வெள்ளைக் கல்லாக நிற்கும், கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டும். வாஸ்லின் பரவாயில்லை. எனக்குச் சரிப்பட்டது லனோலின். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு மார்க்காம்பு வெடிப்புக்கு மருந்துக்கடையில் சின்ன ட்யூபில் விற்கிறார்களே, அதுதான். ஆட்டு ரோமத்தைக் கழுவும்போது பிரியும் கொழுப்பு அது. மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போய் ஆட்டின் முதுகைத் தடவியிருந்தால் கையில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும், அதே சரக்குதான். ராத்திரி வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் விரலை ஊற வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கப் போவதற்குள் இதைத் தடவி, பெண்ணின் பழைய பள்ளிக்கூடக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுத்துவிடுவேன். தண்ணீர்தான் எதிரி என்றாயே, திரும்பவும் ஊற வைக்கிறாயே என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒரே ஒரு தடவை நனைத்து, அந்த ஈரம் ஓடிவிடாமல் மூடி போடுகிறேன் என்றேன். யூகலிப்டஸ் தைலம் தடவினால் என்ன என்று கேட்டார், அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

இது வேலை செய்கிறதா என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது மருதாணி. எங்கள் குளிருக்கு மருதாணிச் செடி ஒழுங்காக வருவதில்லை, வத்தலக்குண்டில் இருந்து அம்மா இலை கொடுத்தனுப்புவார். போகிக்கு முதல் நாள் வைத்தேன். சால்வையில் நகம் மாட்டிய பிறகுதான் ஒன்று கவனித்தேன், பிளந்த ஏடுகளுக்கு உள்ளே சாறு இறங்கி நுனியில் கருஞ்சிவப்பாக வரி வரியாகத் தெரிந்தது, பிளவு எவ்வளவு ஆழம் என்று வரைந்து காட்டின மாதிரி. தோலில் சிவப்பு பத்து நாளில் போய்விடும், நகத்தில் போகாது, வளர்ந்து வெளியேறினால்தான் உண்டு. அடியில் இருந்து வெள்ளையாகப் புது நகம் வர வர அந்தச் சிவப்புக்கோடு நுனியை நோக்கி நகர்கிறது. சித்திரை ஒண்ணாம் தேதி பெண்ணின் ஸ்கேலை வைத்து அளந்தேன், ஒன்பது மில்லிமீட்டர். மாதம் மூன்று. ஒரு நகம் அடியில் இருந்து நுனி வரை முழுசாகப் புதுசாக ஆறு மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னது சரிதான். பதினைந்து நாளில் பலன் என்று எழுதி இருக்கும் எதையும் இனி நான் வாங்கப்போவதில்லை.

மே மாத சீசனில் மறுபடியும் இரண்டு விரல் உரிந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், கையுறை போடச் சோம்பல்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எல்லா நகமும் என் நகம் இல்லை. கால் நகமும் சேர்ந்து கெட்டால், நகம் மஞ்சளாகத் தடித்துப் பொடிந்தால் (அது சொத்தையாக இருக்கும்), கரண்டி மாதிரி குழிந்தால், ஊசியால் குத்தின மாதிரி புள்ளிக் குழிகள் விழுந்தால், புதிதாக ஒரு கறுப்புக் கோடு அடியில் இருந்து நுனி வரை ஓடினால் டாக்டரிடம் காட்டுங்கள். என் லனோலின் அங்கே உதவாது.

கையுறை என்றேன் இல்லையா. மஞ்சள் ரப்பர் கையுறை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று, வியர்வை நகத்தில் தேங்காமல் இருக்க. அத்தை இதைப் பார்த்து ஒரு மாதம் சிரித்தார், "ஆபரேசன் பண்ணப் போறியா தாயி" என்று. எனக்குப் பிரச்சினை வேறு. கத்தி, துருவல், கம்பி நார் எல்லாம் வலது கையில்தான், அதனால் வலது கையுறை மாதத்துக்கு ஒன்று கிழியும், இடது அப்படியே இருக்கும். ஜோடியாகத்தான் விற்கிறார்கள். மூஞ்சிக்கல்லில் கடைக்காரரிடம் வலது மட்டும் கிடைக்குமா என்று கேட்டு அவரும் சிரித்தாயிற்று. சமையலறை ஆணியில் நாலு இடது கையுறை தொங்கியது.

போன வாரம் பூம்பாறையில் இருந்து ஒரு சாக்குப் பூண்டு வந்தது. ஊறுகாய்க்கு உரிக்க நகம் இல்லை, கத்தி முனையால் நெம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுத் திரும்பினால் அத்தை இரண்டு கையிலும் கையுறை. வலது கையில் மாட்டியிருந்தது பழைய இடது கையுறைதான், உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டிருந்தார். கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"ஆணியில சும்மாதான தொங்குது" என்றார்.