குழாய்க்குப் பயந்து இரத்தத்தை நீட்டிய கதை

மலத்தில் இரத்தம் தெரிந்தபோது எனக்கு வயது 47. தாய்மாமாவைக் கொண்டுபோனது பெருங்குடல் புற்றுநோய். "மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்" என்று செங்கோட்டை மருத்துவர் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார், கொலோனோஸ்கோப்பி எடுக்க. ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது.

எனக்கோ குழாய் என்றாலே குலைநடுக்கம். 2024இல் ஆம்ப்ரோஸ், ரவ்கன் என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டதற்காக நோபல் கிடைத்ததே, அந்தச் செய்தித்தாள் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆரியங்காவு வழியாக பஸ் ஏறினேன். இரத்தத்தில் இந்த மைக்ரோ ஆர்என்ஏவைப் பார்த்தே புற்றைக் கண்டுபிடிக்கலாம், இரத்தப் பரிசோதனையே போதும் என்று வாதாடத்தான்.

அங்கிருந்த மருத்துவர் பொறுமையாகப் படித்தார். "1993இல் புழுவில் கண்டது நம் உடம்பிலும் இருக்கிறது. ஏறக்குறைய 22 எழுத்து நீள ஆர்என்ஏ துணுக்கு, ஜீன்களுக்குக் கடிவாளம். குடல் புற்றில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏ கூடும். வேறு புற்றிலும் கூடும், வெறும் அழற்சியிலும் கூடும். அப்படியே அது காட்டிக்கொடுத்தாலும் குடல் சுவரில் முளைக்கும் சதையை, பாலிப்பை, வெட்டி எடுப்பது யார்?" வாயை மூடிக்கொண்டேன். விருப்பமிருந்தால் ஆய்வுக்கு இரத்தம் தரலாம் என்று ஒரு மலையாளப் படிவத்தைக் கொடுத்தார்.

அன்று மாலை லாட்ஜில் பேதிப்பொடி கலந்த இரண்டு லிட்டர் தண்ணீர். உப்புக்கரித்த எலுமிச்சை ஜூஸ் மாதிரி இருந்தது. பத்தாவது நடைக்குப் பிறகு மஞ்சள் தண்ணீர் மட்டும் வந்தது, அதுதான் கணக்காம். புனலூர்க்காரியான என் மனைவி படிவத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஆய்வுக்கு இரத்தம் எடுக்கையில் நரம்பு வழுக்கியது. "பேடிக்கண்டா சேட்டா" என்றபடி நர்ஸ் ஊசியை வெடுக்கென்று இழுத்தார். இயந்திரத்தில் சுழற்றி எடுத்த இரத்தக் குப்பியை ஆய்வகப் பெண் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டியது ரோஜா நிறத்தில் நின்றது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. குடல் புற்றுக்கு அடையாளமாக ஆராயப்படும் இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏவான மிர்-92ஏ சிவப்பணுக்களுக்குள்ளும் நிறைய உண்டு. அது கசிந்தால் நோயில்லாதவன் இரத்தமும் பொய்சொல்லும். இவ்வளவு சஞ்சலப்படும் சாட்சியை நம்பியா நான் குழாயை மறுத்தேன்! மறுகையில் மறுபடி குத்தினார்கள்.

கொலோனோஸ்கோப்பி? மயக்க ஊசி போட்டதுதான் தெரியும். எட்டு மில்லிமீட்டர் பாலிப் ஒன்றை எடுத்திருந்தார்கள். அடினோமா, பின்னாளில் புற்றாக மாறக்கூடிய வகை; இன்னும் மாறியிருக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

என் மிர்-92ஏ எவ்வளவு என்று கேட்டேன். தனியாள் முடிவுகள் தரப்படமாட்டா என்று படிவத்தின் மூன்றாம் பக்கத்திலேயே இருந்ததாம். மனைவி அதைப் படித்தபோது நான் கழிப்பறையில் இருந்திருக்கிறேன்.