வாரம் ஒரு தாள் போதும்

எல்சாட்டுக்கு (அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) படிக்க ஆரம்பித்த புதிதில் ஒரே வாரத்தில் நாலு முழு மாதிரித் தேர்வு எழுதினேன். மதிப்பெண் 154, 155, 153, 154. மனசு விட்டுப்போனதுதான் மிச்சம்.

இப்போது வாரம் ஒன்றுதான், சனிக்கிழமை காலையில். நிஜத் தேர்வு மாதிரியே நாலு பகுதி, பகுதிக்கு 35 நிமிடம், இரண்டாவது முடிந்ததும் 10 நிமிட இடைவேளை. போன் அடுத்த அறையில். ஞாயிறு முழுக்க அந்தத் தாளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது. சரியாகப் போட்டதையும் விடுவதில்லை. குத்துமதிப்பில் தப்பித்த கேள்விகள்தான் அடுத்த முறை காலை வாருகின்றன. போன வாரம் ஒன்றில் 'சில' என்று இருந்ததை 'பெரும்பாலான' என்று படித்திருக்கிறேன். விடை மட்டும் எப்படியோ சரி! சிவப்பு மையில் குறித்து வைத்தேன்.

வார நாட்களில் ஒற்றைப் பகுதி மட்டும், கடிகாரம் வைத்து.

அப்புறம், 2024 ஆகஸ்டிலிருந்து தேர்வில் லாஜிக் கேம்ஸ் (நிபந்தனைகளை வைத்து விடை கண்டுபிடிக்கும் புதிர்ப் பகுதி) கிடையாது. பழைய தாள் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். அதில் நான் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன் (ரசித்துத்தான் உட்கார்ந்தேன், அது வேறு கதை).

இருப்பதில் புதிய ஐந்து தாள்களை இன்னும் தொடவில்லை. அவை கடைசி மாதத்துக்கு.