மருந்துக்கு மட்டும் நீளும் கை

என் மகளுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கரப்பான் வந்துவிட்டது, டாக்டர் சீட்டில் அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்று எழுதியிருக்கும். முதலில் கன்னம், அப்புறம் முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்டுத்தனமாக அடிக்கும், பெரியவர்களுக்கே உதடு வெடிக்கும், இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். சோப்பு, பத்தியம், களிம்பு பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ஒட்டுதலைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

யோசித்துப் பாருங்கள், இந்தக் குழந்தையை நாம் எதற்கெல்லாம் தொடுகிறோம்? குளிப்பாட்ட, ஈரம் காய்வதற்குள் க்ரீம் தடவ, சிவந்த இடத்தில் ஆயின்மென்ட் வைக்க, நகம் வெட்ட, சொறிகிற கையைப் பிடித்து இழுக்க. எல்லாமே வேலை, அதிலும் பாதி எரியும். சும்மா மடியில் போட்டுக் கொஞ்சுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அம்மா கையை நீட்டினாலே ஓடி ஒளிகிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பிடிவாதம் என்று அடிக்கிறார்கள், பாவம்.

ஒரு மத்தியானம் என் மகள் பொம்மையின் முழங்கை மடிப்பில் சிவப்பு ஸ்கெட்சால் கோடு கோடாகக் கிழித்து, கிண்ணத்துத் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். முகம் இறுக்கம், வாயில் "ஆடாதே, ஆடாதே". தடவி முடித்ததும் பொம்மையை ஓரமாகக் கிடத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மருந்து என்றால் அவ்வளவுதான் என்று அவள் மனதில் பதிந்திருக்கிறது. அன்றிலிருந்து க்ரீம் வைத்த பிறகு அவளை உடனே இறக்கி விடுவதில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு ஏதாவது கதை பேசுவோம், புண் இல்லாத உச்சந்தலையைக் கோதிவிடுவேன். மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத தொடுதல் நாளுக்கு ஒரு தடவையாவது வேண்டும்.

இரவுதான் கஷ்டம், அரிப்பு அப்போதுதான் கூடும். "சொறியாதே சாமி, சொறியாதே" என்று அவளுடைய அம்மிச்சி, அதாவது அம்மாவழிப் பாட்டி, கெஞ்சுவார். தும்மலை அடக்கு என்றால் அடங்குமா? குளிர்ந்த ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்து, கைக்குப் பிடிக்க ஏதாவது கொடுத்து, பக்கத்தில் படுத்துக்கொள்வது எவ்வளவோ மேல். மனம் கலங்கினால் அரிப்பு ஏறும், அரிப்பு ஏறினால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் நமக்கும் அவர்களுக்கும் எரிச்சல்.

அப்புறம் அந்தப் பழைய மெல்லிய பருத்திப் புடவைத் துண்டு. அம்மிச்சியுடையது, அது இல்லாமல் என் மகள் தூங்க மாட்டாள். தூசி சேரும், தூக்கிப் போடு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தூசிப்பூச்சி அரிப்பைக் கூட்டும் என்பது உண்மைதான், ஆனால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் செத்துவிடும். இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் மனப்பகுப்பாய்வாளராகவும் இருந்த வின்னிகாட் 1950களிலேயே இப்படிப்பட்ட துணி, பொம்மையைப் பற்றி எழுதியிருக்கிறார்: துவைத்தால்கூடக் குழந்தைக்கு அதனோடு இருக்கிற தொடர்ச்சி அறுந்துபோகலாமாம். அந்த வாசனைதானே குழந்தைக்கு வீடு. அதனால் துண்டை இரண்டாகக் கிழித்து, ஒன்று கொடியில் காயும்போது இன்னொன்று அவள் கையில் இருக்கிற மாதிரி வைத்திருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில், "ஒட்டிக்குமா?" என்று பிள்ளைகள் கேட்டபோது அவளுடைய டீச்சர், "ஒட்டாது" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டே வரிசையில் நடந்தார். அந்த டீச்சருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

தோல் நோய் உள்ள 4 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்காக பிரிட்டனில் 1995-இல் 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வெளியானது. போன வாரம் தூக்கம் எப்படி, யாராவது கேலி செய்தார்களா, விளையாட முடிந்ததா என்றெல்லாம் கேட்கும். கடைசிக் கேள்வி, சிகிச்சையே எவ்வளவு தொல்லையாக இருந்தது என்பது. டாக்டர் கேட்காவிட்டாலும் அடுத்த தடவை இதையெல்லாம் நீங்களே சொல்லுங்கள், களிம்பு நேரத்து அழுகையையும் சேர்த்து. தடவுவதற்கு எரிச்சல் குறைந்த க்ரீம் மாற்றித் தரலாம், தேவைப்பட்டால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடமும் அனுப்புவார்கள்.